கறிவேப்பிலைச் செடியில் ஒரு பறவை எச்சம்: வாசகர் கேள்வி பதில்

போன மாதம் இந்தப் பகுதியில் நெருக்கப் புகைப்படம் பற்றி எழுதியதும் வந்த கடிதங்கள் மலைக்க வைத்துவிட்டன. பூச்சி, ஓணான், சிலந்தி என்று படங்களும் சேர்ந்து வந்திருக்கின்றன. பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் சுற்றுகின்றன: உருமறைப்பு, அதாவது வேறொன்றைப் போலத் தெரிந்து ஒளிந்துகொள்வது. அதனால் இந்த மாதம் முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியில் காக்கை எச்சம் போல ஒன்று ஒட்டியிருந்தது. துடைக்கப் போனேன், நகர்ந்தது! போனில் படம் எடுத்தால் மங்கலாக வருகிறது. அது என்ன, எப்படி எடுப்பது?
— இல்லத்தரசி, கும்பகோணம்

நகர்ந்ததும் கையை எடுத்துவிட்டீர்களே, அதற்கு முதலில் நன்றி. அது வண்ணத்துப்பூச்சியின் புழு. காமன் மார்மன் என்ற கறுப்பு வண்ணத்துப்பூச்சியோ, எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியோ முட்டை வைத்திருக்கும். கறிவேப்பிலையும் எலுமிச்சைக் குடும்பம்தான் என்பதால் இரண்டுமே அதைத் தேடி வரும்.

சின்னப் புழுவாக இருக்கும்போது பழுப்பும் வெள்ளையும் கலந்து, ஈரப்பளபளப்போடு, அசல் எச்சம் போலவே இருக்கும். அது எங்கே உட்கார்ந்திருந்தது என்று யோசித்துப் பாருங்கள். இலையின் மேற்பக்கம், நட்டநடுவில், எல்லோர் கண்ணிலும் படும்படி. எச்சம் அங்கேதானே விழும்? இன்னும் சில நாளில் நாலாவது முறை தோலுரித்ததும் அதே புழு பச்சையாகிவிடும். அப்போது இலை நடுவில் உட்காராது, காம்போடும் தண்டோடும் ஒட்டிக்கொள்ளும். நிறம் மாறும்போது இடமும் மாறுகிறது. இதைப் பார்க்க நீங்கள் காட்டுக்குப் போக வேண்டியதில்லை, அடுப்படி ஜன்னலே போதும்.

பச்சைப் புழுவுக்கு முன்பக்கம் உப்பலாக இருக்கும், அதில் கண் போல இரண்டு புள்ளி. அவை கண்ணே இல்லை. உண்மையான தலை சின்னதாகக் கீழே மடங்கி இருக்கும், அதில் இருக்கிற கண் கடுகைவிடச் சிறியது. நிறையப் பேர் பொய்க்கண்ணில் ஃபோகஸ் வைத்துவிட்டு "முகம் அழகாக வந்திருக்கிறது" என்று அனுப்புகிறார்கள். தப்பில்லை, பறவையும் அப்படித்தான் ஏமாறுகிறது. ஆனால் தலை எங்கே என்று தெரிந்துகொண்டு, அது இலையைக் கடிக்கும்போது பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். ரம்பம் அறுப்பது போல இலை ஓரத்தில் மேலிருந்து கீழாகச் சீராகத் தின்றுகொண்டே வரும். சும்மா தொந்தரவு செய்தால் தலைக்குப் பின்னாலிருந்து பாம்பு நாக்கு மாதிரி இரண்டாகப் பிளந்த ஒன்றை வெளியே நீட்டும், கெட்ட வாடை அடிக்கும். அந்தப் படத்துக்காகக் குச்சியால் குத்தாதீர்கள். எறும்போ ஒட்டுண்ணிக் குளவியோ வரும்போது அதுவே நீட்டும், காத்திருந்தால் கிடைக்கும்.

போன் மங்கலாக வருவதற்குக் காரணம், ரொம்பக் கிட்டே போய்விட்டீர்கள். ஒரு சாண் பின்னால் வந்து இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுங்கள், அல்லது போனில் மாட்டுகிற சின்ன கிளிப் லென்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள். காலை ஏழு ஏழரைக்குக் காற்று குறைவு. இடது கையால் தண்டை லேசாகப் பிடித்துக்கொண்டு, முழங்கையைச் சுவரில் ஊன்றி, இருபது படம் எடுத்தால் இரண்டு தேறும். இலையைப் பறித்து மேசையில் வைத்து எடுக்க வேண்டாம். குழம்புக்குக் கொஞ்ச நாள் வேறு கிளையில் பறியுங்கள். அப்புறம் கூடு கட்டும்போதும் மறக்காமல் பாருங்கள்: பச்சைத் தண்டில் கட்டினால் கூட்டுப்புழு பெரும்பாலும் பச்சை, காய்ந்த குச்சியிலோ சுவரிலோ கட்டினால் பெரும்பாலும் பழுப்பு.

எங்கள் மாமரத்தில் முசுறு எறும்பு நிறைய. அதில் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தால் எட்டுக் கால் தெரிகிறது. என் கணக்கு தப்பா? படம் இணைத்திருக்கிறேன்.
— வாசகர், நாகர்கோவில்

கணக்கு சரிதான். எறும்புக்கு ஆறு கால், உங்கள் படத்தில் இருப்பது சிலந்தி. குதிக்கும் சிலந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது, அறிவியல் பெயர் மிர்மாப்ளாட்டா பிளாட்டாலியோய்டிஸ். இந்த மாதம் வந்த படங்களில் என்னைத் துள்ள வைத்தது இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முசுறு கடித்தவர்களுக்குத் தெரியும், ஒன்று கடித்தால் பத்து வரும், கடித்த இடத்தில் ஃபார்மிக் அமிலத்தையும் பீய்ச்சும். பறவை, குளவி, பெரிய சிலந்தி எதுவும் அவற்றிடம் வம்புக்குப் போக யோசிக்கும். அந்தப் பயத்தைத்தான் இந்தச் சிலந்தி போர்த்திக்கொண்டு திரிகிறது. எறும்பின் செம்பழுப்பு நிறம், நடுவில் எறும்பு மாதிரியே ஒடுங்கிய உடம்பு, பக்கத்தில் எறும்புக் கண் போலத் தெரியும் கறுப்பு. எறும்புக்கு உணர்கொம்பு உண்டு, சிலந்திக்குக் கிடையாது. அதனால் முன்னங்கால் இரண்டையும் தூக்கி ஆட்டிக்கொண்டே ஆறு காலில் நடக்கிறது. நீங்கள் எண்ணியிருக்காவிட்டால் நானும் முதல் பார்வையில் எறும்பு என்றே சொல்லியிருப்பேன்.

ஆண் சிலந்தி இன்னும் ஒரு படி மேலே. அதன் தாடைகள் நீண்டு முன்னால் துருத்திக்கொண்டிருக்கும், நுனி கறுத்திருக்கும். அது நடந்து வந்தால் ஒரு முசுறு இன்னொரு முசுறைத் தூக்கிக்கொண்டு போவது போலவே இருக்கும். முசுறுகள் அப்படித் தூக்கிப் போவது சகஜம் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

எறும்பை ஏமாற்றித் தின்னத்தான் இந்த வேடம் என்று பலர் எழுதுகிறார்கள், இதன் விஷயத்தில் அப்படி இல்லை. ஒரு மாந்தோப்பில் ஒரே கிளையைப் பார்த்தபடி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். எறும்புகள் வரிசையில் எதிரெதிரே வந்து கொம்பால் தொட்டுத் தொட்டுப் போயின. சிலந்தி அந்த வரிசையில் சேரவே இல்லை, ஓரமாகவே நடந்தது. ஒரு எறும்பு கிட்டே வந்ததும் சட்டென்று இலையின் அடிப்பக்கம் போய்விட்டது. அது போனதும் திரும்ப மேலே வந்து, மறுபடியும் கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு எறும்பாகிவிட்டது. அதற்கு எறும்பிடமே பயம், ஆனால் எறும்பு இல்லாத இடத்தில் அந்த வேடத்துக்கு மதிப்பு கிடையாது.

எறும்பைத் தின்கிற ஆள் வேறு. அமிசியா என்ற நண்டுச்சிலந்தி. அதுவும் அதே நிறம்தான், ஆனால் வேடத்தைப் பின்பக்கம் போட்டிருக்கிறது: வயிற்று நுனியில் இரண்டு கறுப்புப் புள்ளி, பார்த்தால் எறும்பின் தலையும் கண்ணும் போல. தடுமாறுகிற எறும்பு மாதிரி நெளிந்து நடக்கும். என்ன ஆச்சு என்று ஒரு முசுறு கிட்டே வந்தால் கழுத்தில் பிடித்துவிட்டு, நூல் விட்டுக் கிளைக்குக் கீழே தொங்கிக்கொண்டு தின்னும். கீழே தொங்கினால் மற்ற எறும்புகளுக்கு எட்டாது. ஒரே மரத்தில் இரண்டையும் தேடிப் பாருங்கள், நாகர்கோவில் பக்கம் கிடைக்க வாய்ப்பு உண்டு.

படம் எடுக்கும்போது குறைந்தது இரண்டு கோணம் எடுங்கள். பக்கவாட்டில் எடுத்தால் வேடம் தெரியும். நேர் எதிரில் எடுத்தால் முன்னால் இரண்டு பெரிய உருண்டைக் கண் கார் விளக்கு மாதிரி முழிக்கும், வேடம் கலைந்துவிடும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால்தான் பார்ப்பவருக்கு விஷயம் புரியும். மூன்றாவதாக, சுற்றி எறும்புகளோடு கொஞ்சம் தள்ளி ஒன்று. அது இல்லாவிட்டால் "எறும்பு மாதிரி இருக்கும் சிலந்தி" என்று நீங்கள் எழுதித்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

முழு அளவு நெருக்கத்தில், லென்ஸ் துளையை எஃப் 11 வரை சுருக்கி வைத்தாலும் தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான். ஓடுகிற சிலந்தியை ஆட்டோஃபோகஸ் துரத்தித் தோற்கும். ஃபோகஸை மேனுவலில் நிறுத்திவிட்டு, உடம்பை முன்னே பின்னே நகர்த்திக் கண் தெளிவாகிற நொடியில் அழுத்துங்கள். ஃபிளாஷுக்கு முன்னால் ஒரு வெள்ளைத் துணியோ தெர்மாகோல் தாளோ போட்டு ஒளியை மெத்தென்று ஆக்குங்கள். முழுக்கைச் சட்டை போடுங்கள், கிளையில் சாயாதீர்கள். ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

நெருக்கப் படத்துக்கு 60 எம்எம் மேக்ரோ லென்ஸ் வாங்கலாமா, 100 எம்எம் வாங்கலாமா?
— கல்லூரி மாணவர், ஈரோடு

100. இரண்டும் ஒரே அளவு பெரிதாகக் காட்டும், ஆனால் 60-இல் பூச்சியின் மூக்கை இடிக்கிற அளவு கிட்டே போக வேண்டியிருக்கும். உங்கள் நிழல் விழுந்தாலே அது இயல்பாக இருக்காது. காசு இல்லையென்றால் இருக்கிற லென்ஸுக்கு முன்னால் மாட்டும் ரெய்னாக்ஸ் டிசிஆர் 250 என்ற பெரிதாக்கும் கண்ணாடி போதும், நான் பல வருடம் அதை வைத்துத்தான் எடுத்தேன்.

பிளஸ் டூ விலங்கியலில் இங்கிலாந்தின் புள்ளி அந்துப்பூச்சி பற்றிப் படிக்கிறோம். அந்தப் படங்கள் செத்த பூச்சியை மரத்தில் ஒட்டி எடுத்தவை என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அப்படியானால் பாடம் பொய்யா?
— மாணவர், திண்டுக்கல்

தம்பி, படம் வேறு, பாடம் வேறு. பாடம் உண்மை. சாதாரணமாக வெளிறிய பூச்சி அது. கரிப்புகையால் மரமெல்லாம் கறுத்த காலத்தில், பறவை கண்ணுக்குத் தப்பிய கறுப்பு வகைப் பூச்சி பெருகியது. முதல் கறுப்புப் பூச்சி 1848-இல் மான்செஸ்டரில் பதிவானது. 1950-களில் கெட்டில்வெல் என்ற ஆய்வாளர் உயிருள்ள பூச்சிகளை மரத்தில் விட்டு, பறவைகள் எதை அதிகம் கொத்துகின்றன என்று பார்த்தார். குறை சொல்லப்பட்டது எங்கே என்றால், அவர் பூச்சிகளைப் பகலில் அடிமரத்தில் விட்டார், இயற்கையில் அவை அங்கேதான் உட்காருமா என்பதில். பாடநூல்களில் வந்த சில படங்கள், கறுப்பையும் வெளிறியதையும் அருகருகே காட்ட, செத்த பூச்சிகளை வைத்து எடுத்தவை என்பதும் உண்மை.

அந்தக் குறைக்குப் பதில் சொன்னவர் மைக்கேல் மஜெரஸ் என்ற ஆய்வாளர். கேம்பிரிட்ஜில் தன் வீட்டுத் தோட்டத்திலேயே 2001 முதல் 2007 வரை மொத்தம் 4,864 பூச்சிகளை வைத்து அந்தச் சோதனையைத் திருத்திச் செய்தார். காற்று சுத்தமான அந்த இடத்தில் பறவைகள் கறுப்பையே அதிகம் தின்றன. அவர் காலமானபின் 2012-இல் மற்ற விஞ்ஞானிகள் அந்த முடிவுகளை வெளியிட்டார்கள். எனக்குப் பிடித்தது அவர் கூடவே செய்த இன்னொரு வேலை: மரமேறி, பூச்சிகள் தாமாக எங்கே ஓய்வெடுக்கின்றன என்று தேடினார். கண்ட 135 பூச்சிகளில் பாதிக்கு மேல் கிளைகளில், மூன்றில் ஒரு பங்கு அடிமரத்தில், மீதி சிறு குச்சிகளில். ஆக அடிமரத்திலும் உட்காருகிறது, ஆனால் அது மட்டுமே அதன் வீடு அல்ல. நீயும் படம் எடுக்கிறவன் என்று எழுதியிருக்கிறாய். நிறம் சரியாக இருந்து இடம் தப்பாக இருந்தால் ஒரு நல்ல பாடத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிடுகிறது, பார்த்தாயா?

பச்சோந்தியைச் சிவப்புத் துணி, நீலத் துணி என்று மாற்றி மாற்றி விட்டு வீடியோ போடுகிறார்கள். எங்கள் தோட்டத்தில் ஒன்று இருக்கிறது, நானும் முயற்சி செய்யலாமா?
— வாசகர், விருதுநகர்

வேண்டாம். துணிக்கு ஏற்ற நிறம் அது எடுக்காது. அந்த வீடியோக்களில் நிறம் மாறினால் அது பயத்திலோ எரிச்சலிலோ மாறியிருக்கும், மீதி எடிட்டிங். பச்சோந்தி நிறம் மாறுவது முக்கியமாக இன்னொரு பச்சோந்தியிடம் பேசவும், வெயில் குளிருக்கு ஏற்ப உடம்பைச் சரிசெய்யவும். ஜெனீவா பல்கலைக்கழகத்தார் 2015-இல் மடகாஸ்கர் பச்சோந்தியை வைத்துக் காட்டினார்கள்: தோல் செல்லுக்குள் குவானின் என்ற பொருளின் மிக நுண்ணிய படிகங்கள் வரிசையாக அடுக்கியிருக்கின்றன, அது சாந்தமாக இருக்கும்போது நெருங்கி நிற்கும், கிளர்ச்சி அடையும்போது விலகும், அந்த இடைவெளியைப் பொறுத்துத் திருப்பி அனுப்பும் ஒளியின் நிறம் மாறுகிறது. அடியில் என்ன துணி இருக்கிறது என்று அந்தப் படிகங்களுக்குத் தெரியாது.

அதன் உருமறைப்பு நடையில் இருக்கிறது. ஒரு காலைத் தூக்கி, முன்னே பின்னே ஆடி, யோசித்து வைக்கும். காற்றில் இலை ஆடுகிறது என்று நாம் தாண்டிப் போய்விடுவோம். நீங்கள் எடுக்க வேண்டியது அந்த ஆட்டத்தை. போனில் வீடியோ வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி உட்காருங்கள். ஒரு கண் உங்களையும் மறு கண் ஒரு வெட்டுக்கிளியையும் பார்க்கும். இரண்டு கண்ணும் ஒரே பக்கம் திரும்பினால் தயாராகுங்கள், நாக்கு வரப்போகிறது. பச்சோந்தி 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிற பிராணி, பிடித்து வைப்பது குற்றம். சாலையைக் கடக்கும்போது அடிபட்டுச் சாவதும் நிறைய, வண்டியை நிறுத்தி அது போகும் திசையிலேயே கடக்க விட்டால் பெரிய உதவி.

பூச்சியை ஐந்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்தால் அசையாமல் இருக்கும், அப்புறம் பூவில் வைத்து எடுக்கலாம் என்கிறார் நண்பர். உயிர் போகாது என்றும் சொல்கிறார். செய்யலாமா?
— வாசகர், சேலம்

செய்யாதீர்கள். உயிர் போகாமல் இருக்கலாம், சரி. ஆனால் நீங்கள் எடுக்கப்போவது என்ன? குளிரில் விறைத்த ஒரு உடம்பை. கால் மடங்கியிருக்கும் விதம், உணர்கொம்பு தொங்கும் விதம் எல்லாம் தப்பாக இருக்கும். பூச்சிகளைப் பார்த்துப் பழகிய கண் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடும். அசையாத பூச்சிதான் வேண்டுமென்றால் மார்கழியில் விடியுமுன் வயல் வரப்புக்குப் போங்கள். தும்பி ஒவ்வொன்றும் உடம்பெல்லாம் பனித்துளியோடு புல்லைப் பிடித்துக்கொண்டு தூங்கும், வெயில் ஏறி இறகு காயும்வரை பறக்காது. பனித்துளி போலக் காட்டக் கிளிசரின் தெளித்தவர்கள் படத்தில் இல்லாத ஒழுங்கு அந்தத் துளிகளில் இருக்கும்.

நான் இதில் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. புதுக்கோட்டைப் பக்கம் ஒரு பொட்டலில், காய்ந்த செடி ஒன்றில் பிடில் கும்பிடுபூச்சியைப் பார்த்தேன். கழுத்து குச்சி மாதிரி நீளம், கால்களில் காய்ந்த இலைத் துண்டு ஒட்டியது போல மடிப்புகள், காற்று அடிக்கும்போதெல்லாம் செடியோடு சேர்ந்து அதுவும் ஆடுகிறது. பின்னணி ஒரே குப்பையாக இருக்கிறதே, பூச்சி தனியாகத் தெரியவில்லையே என்று எனக்கு அரிப்பு. ஒரு குச்சியில் ஏற்றி, பக்கத்தில் இருந்த பச்சைப் புதர் நுனியில் விட்டேன். அருமையாகத் தெரிந்தது. எனக்குத் தெரிந்த மாதிரியே மின்கம்பியில் உட்கார்ந்திருந்த கரிச்சானுக்கும் தெரிந்தது. நான் கேமராவைச் சரிசெய்து நிமிர்வதற்குள் வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டது. புதர் நுனி ஆடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். குப்பை என்று நான் நினைத்த அந்தப் பின்னணிதான் அதன் உயிராக இருந்திருக்கிறது. அன்றிலிருந்து ஒரு பூச்சியையும் இடம் மாற்றியதில்லை.

பெரிய மேடைகளிலும் இது நடக்கிறது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் உலகப் போட்டியில் 2017-இல் பரிசு வாங்கிய ஒரு படத்தில், பிரேசில் நாட்டு எறும்புத்தின்னி இரவில் ஒளிரும் கரையான் புற்றை நோக்கி வந்தது. அது அங்குள்ள தேசியப் பூங்காவின் பார்வையாளர் மையத்தில் இருந்த பாடம் செய்யப்பட்ட எறும்புத்தின்னிதான் என்று நிபுணர்கள் முடிவு செய்ததால், 2018-இல் பரிசைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். எடுத்தவர் மறுத்தார், ஆனால் முடிவு மாறவில்லை.

கேரளாவின் தட்டேக்காட்டில் வழிகாட்டி கையை நீட்டிக் காட்டியும் தவளைவாயன் பறவை எனக்குப் பத்து நிமிடம் தெரியவில்லை. கடைசியில் எடுத்த படத்தைப் பெரிதாக்கி வெட்டி அனுப்பியிருக்கிறேன். எப்படி இருக்கிறது?
— வாசகர், கோயம்புத்தூர்

தெளிவாக இருக்கிறது, மூக்கோர முடிகள்கூட எண்ணலாம். ஆனால் வெட்டாத படம் இருந்தால் அனுப்புங்கள், எனக்கு அதுதான் வேண்டும். உங்களுக்குப் பத்து நிமிடம் தெரியவில்லை என்பதுதானே அந்தப் பறவையின் கதை? வெட்டிய படத்தில் முதல் நொடியிலேயே தெரிந்துவிடுகிறது.

இலங்கைத் தவளைவாயன் பகலில் காய்ந்த கொடிகளுக்கு நடுவில் ஜோடியாக ஒட்டி உட்கார்ந்து தூங்கும். ஆண் சாம்பல், பெண் செம்பழுப்பு, சேர்த்துப் பார்த்தால் இரண்டு சருகு. சந்தேகம் வந்தால் பறக்காது. மெதுவாக அலகை வானத்தைப் பார்த்துத் தூக்கி, கண்ணை ஒரு கோடு போல ஒடுக்கி, முறிந்த கிளையாகிவிடும். உங்கள் படத்தில் அலகு மேலே பார்த்திருக்கிறது, அதாவது அது உங்களைக் கவனித்துவிட்டது, பயந்திருக்கிறது. அந்த நிலையைப் பார்த்ததும் இரண்டு படத்தோடு நிறுத்திவிட்டுப் பின்வாங்க வேண்டும். அலகு இறங்கி இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருக்கும் படம்தான் உண்மையில் அரிய படம், அதைத் தூரத்திலிருந்துதான் எடுக்க முடியும். கூடு இருந்தால் கிட்டேயே போகாதீர்கள். இடுவது ஒரே ஒரு முட்டை.

உருமறைப்பை எடுக்க எந்த வெளிச்சம் நல்லது?
— வாசகி, பொள்ளாச்சி

உங்கள் ஊர்ப் பக்கத்துப் பாக்குத் தோப்பிலேயே பதில் இருக்கிறது. பறக்கும் ஓணானைத் தேடுங்கள். மரத்தில் அப்பி உட்காரும்போது உடம்பைத் தட்டையாக்கி மரப்பட்டையோடு ஒன்றிவிடும், அதனால் நிழல் விழுவது ரொம்பக் குறைவு. ஒளிகிறவர்கள் எல்லோருக்கும் நிழல்தான் காட்டிக்கொடுக்கிற ஆள். ஆகவே அது எவ்வளவு நன்றாக ஒளிகிறது என்று காட்ட வேண்டுமா, மேகமூட்டமான நாளில் நேராக நின்று எடுங்கள். அது எங்கே இருக்கிறது என்று காட்ட வேண்டுமா, காலைச் சாய்வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுங்கள், உடம்பின் ஓரம் ஒரு கோடாகத் தெரியும். நேரெதிர் ஃபிளாஷ் இரண்டையும் கெடுக்கும். ஆண் தன் மஞ்சள் தொண்டைப் பையைச் சட்டென்று நீட்டி மடக்கும்போது ஒளிவாவது மறைவாவது, தோப்பில் அந்த மஞ்சள் ஒன்றுதான் தெரியும். அதற்கு வெளிச்சமெல்லாம் பார்க்காதீர்கள், அழுத்துங்கள்.

சாயங்காலம் விளக்குக்கு வந்து சுவரில் உட்காரும் பழுப்பு வண்ணத்துப்பூச்சியை மழைக்காலத்தில் எடுத்தேன், இறகில் கண் கண்ணாகப் புள்ளி இருந்தது. மார்ச்சில் வந்ததில் புள்ளியே இல்லை, வெறும் சருகு. இரண்டும் ஒன்றா?
— ஆசிரியை, மன்னார்குடி

ஒன்றேதான். காமன் ஈவினிங் பிரவுன். இதன் புழு நெல்லையும் புல்லையும் தின்னும், அதனால் உங்கள் ஊரில் பஞ்சமே இருக்காது. மழைக்காலத் தலைமுறை ஒரு சட்டை, வறட்சிக்காலத் தலைமுறை வேறு சட்டை. எல்லாம் பச்சையாக இருக்கும்போது சருகு வேடம் எடுபடாது, அப்போது இறகு ஓரத்துப் புள்ளி உதவுகிறது. பல்லியோ பறவையோ கண் என்று நினைத்து ஓரத்தைக் கடிக்கும், உடம்பு தப்பிக்கும். காய்ந்த காலத்தில் சருகுக்குள் அசையாமல் கிடப்பதுதான் பிழைப்பு, அங்கே புள்ளி இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். நீங்கள் வெவ்வேறு மாதத்தில் ஒரே சுவரில் எடுத்த இரண்டு படங்களையும் தேதி போட்டு அருகருகே அச்சிட்டு வகுப்பில் மாட்டுங்கள். இறகு நுனியையும் பார்க்கச் சொல்லுங்கள், வறட்சிக்காலத்தில் அது இலைக்காம்புப் பக்கம் போல இன்னும் வளைந்திருக்கும்.

தேவாங்கை இரவில் ஃபிளாஷ் போட்டு எடுக்கலாமா?
— வாசகர், கரூர்

வேண்டாம். இருட்டுக்கென்றே அமைந்த பெரிய கண் அது. உங்கள் மாவட்டத்திலும் திண்டுக்கல்லிலும் சேர்த்து 11,806 ஹெக்டேரை 2022-இல் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள், நாட்டில் தேவாங்குக்கென்று முதல் சரணாலயம். அனுமதி வாங்கி, மங்கலான சிவப்பு விளக்கோடு, வனத்துறையினர் கூட வர, பார்த்துவிட்டு வாருங்கள். படம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை.

என் மகளுக்கு 9 வயது. பள்ளி விட்டு வந்ததும் தொட்டிச் செடிகளிடமே உட்கார்ந்திருக்கிறாள். நல்ல கேமரா வாங்கித் தரலாம் என்று இருக்கிறேன், என்ன வாங்கலாம்?
— தந்தை, வேலூர்

இப்போது கேமரா வேண்டாம் அண்ணாச்சி. பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன மடக்குக் கண்ணாடி கிடைக்கும், நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பார்களே அது, ஒரு நோட்டும் சேர்த்து வாங்கிக் கொடுங்கள். கூடவே ஒரு கறிவேப்பிலைத் தொட்டி. கும்பகோணத்து அம்மாவுக்கு எழுதிய பதிலை அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள். புழு ஒவ்வொரு நாளும் எந்த இலையில், மேற்பக்கமா தண்டிலா, என்ன நிறம் என்று அவளே எழுதட்டும், தெரிந்த மாதிரி வரையட்டும். கூடு கட்டியபின் ஒன்றிரண்டு வாரத்தில் ஒருநாள் கூட்டின் தோல் கண்ணாடி போலாகி உள்ளே இறகின் கறுப்பு தெரியும். மறுநாள் காலையில் அவளைக் கொஞ்சம் சீக்கிரம் எழுப்புங்கள், உங்கள் போனை அவள் கையில் கொடுங்கள்.